ஓடை கடலில் விழும் இடம்

நுகுலேவு
14 நவம்பர் 2003

அன்புள்ள தன்ராஜி அக்காவுக்கு,

உனைசி எழுதுவது. நானும் பிள்ளைகளும் சுகம். உங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகமாயிருக்கக் கர்த்தர் துணை இருக்கட்டும்.

மூன்று சனிக்கிழமையாக லம்பாசா சந்தையில் உங்கள் இடம் காலியாகக் கிடந்தது. நான் மீனை விரித்துவிட்டுப் பக்கத்தில் திரும்பினால் கத்தரிக்காயும் இல்லை, உங்கள் பேச்சும் இல்லை. போன வாரம் ஒரு மிளகாய்க்காரி அங்கே வந்து சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டாள். இது தன்ராஜி அக்கா இடம் என்று சொன்னேன். "அக்கா பேரை சிமெண்டுல எழுதி வச்சிருக்கா?" என்கிறாள். பிறகுதான் உங்கள் ஊர் பஸ்காரர் சொன்னார், சுக்தேவ் அத்தான் கரும்பு லாரியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருக்கிறார் என்று. கேட்டதிலிருந்து எனக்கு மனசு சரியில்லை. நீங்கள் இனிச் சந்தைக்கு வர நாளாகும். அதனால்தான் எழுதுகிறேன். படகுக்காரர் அபெல் இதை உங்கள் பஸ்ஸில் கொடுப்பார். பதிலையும் அதே வழியில் அனுப்புங்கள்.

எங்கள் வீட்டிலும் துக்கம்தான். பெரியப்பா காலமாகிவிட்டார். ஊருக்கும் குலத்துக்கும் தலைவராக இருந்தவர் என்பதால் கடலும் அவருக்காகத் துக்கம் இருக்கிறது. ஊருக்கு எதிரே இருக்கும் வாசல் பாறையில் கம்பு நட்டு ஓலை கட்டிவிட்டார்கள். நூறு இரவு முடிகிறவரை அங்கே யாரும் வலை போடக்கூடாது, தூண்டில் போடக்கூடாது, கால்கூட வைக்கக்கூடாது. நூறு முடிந்ததும் திறந்து, அந்த மீனை வைத்துத்தான் விருந்து. உள்நாட்டுச் சொந்தக்காரர்கள் பன்றியும் கிழங்கும் கொண்டுவருவார்கள். நாங்கள் கடல்காரர்கள் மீன் போட வேண்டும்.

என் பாடு உங்களுக்குத் தெரியும். வீட்டுக்காரர் போன பிறகு அந்தப் பாறைதான் எங்களுக்குச் சோறு. போன வருஷமே அதில் பச்சை மயிர் மாதிரி பாசி பிடித்திருந்தது. பவளத்தின் மேல் யாரோ ஈரக் கம்பளியைப் போர்த்தியது போல. ஓய்வு கொடுத்தால் சரியாகிவிடும் என்று பெரியவர்கள் சொல்கிறார்கள். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. அதுவரை ஆற்று மட்டியும் மரவள்ளியும்தான்.

பெரியப்பா மகன் மொசேசே அண்ணன் இப்போது குலத்தலைவர் ஆகிவிட்டார். உங்கள் குத்தகை நிலமும் எங்கள் குலத்து மண்தானே, அதற்கும் இனி அவர்தான் பொறுப்பு. அண்ணன் கொஞ்சம் வீறாப்பானவர், ஆனால் கெட்டவர் இல்லை.

அத்தானுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
உனைசி


வாய்தாமு
19 டிசம்பர் 2003

தங்கை உனைசிக்கு அக்கா தன்ராஜியின் ராம் ராம்.

உன் கடிதம் கிடைத்தது. பெரியப்பாவுக்காக இங்கே விளக்கு ஏற்றினேன். எங்கள் கல்யாணத்துக்கு ஆமைக்கறி கொண்டுவந்த மனிதர். நாங்கள் சாப்பிடமாட்டோம் என்று தெரிந்ததும் அவரே உட்கார்ந்து அத்தனையும் சாப்பிட்டார். அதைச் சொல்லி உன் அத்தான் இன்றைக்கும் சிரிக்கிறார்.

சிரித்தால் இடுப்பு வலிக்கிறதாம், அதனால் என்னைத் திட்டுகிறார். இனி மண்வெட்டி பிடிக்கமுடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் வாய் வேலை செய்கிறது. கட்டிலை ஜன்னலோரம் போடச் சொல்லி, அங்கிருந்தே தோட்டத்தை நடத்துகிறார். நானும் இரண்டு கூலியாட்களும் அவருக்கு மாடு மாதிரி. கரும்பு வெட்டு முடிந்து லாரி போனது. வெட்டின கட்டையிலிருந்து துளிர்க்கிற மறுதாம்புக்கு உர மூட்டைகளை மில்காரர்கள் ரோட்டோரம் இறக்கிவிட்டுப் போனார்கள். இவர் காலையிலிருந்து மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மத்தியானம் மேகம் கறுத்ததும், "இன்னைக்கே வீசிடு, ராத்திரி மழை கரைச்சு வேருக்குக் கொண்டு போயிரும்" என்று சத்தம் போட்டார். பக்கத்துத் தோட்டங்களிலும் எல்லோரும் வீசிக்கொண்டிருந்தார்கள். மழைக்கு முன்னால் முடிக்கவேண்டும் என்று நானும் முதுகு உடைய வீசினேன். போன வருஷத்தைவிட நாலு மூட்டை கூடுதலாகத்தான் போட்டோம். மண் களைத்துப்போயிருக்கிறது, கூடுதல் கேட்கிறது.

ராத்திரி வானம் உடைந்தது மாதிரி மழை. காலையில் வயலில் ஒரு வெள்ளைப் பொட்டு இல்லை, அத்தனையும் கரைந்திருந்தது. அவர் நிம்மதியாகத் தூங்கினார்.

மாங்காய் ஊறுகாயும் புளிச் சட்னியும் அனுப்பியிருக்கிறேன். பாறை திறந்ததும் எனக்கு ஒரு விளமீன் எடுத்துவை. இவர் பத்து நாளாக அதையே கேட்கிறார். என் இடத்தை அந்த மிளகாய்க்காரிக்கு விட்டுக்கொடுத்துவிடாதே.

உன் அக்கா
தன்ராஜி


நுகுலேவு
28 பிப்ரவரி 2004

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் கேட்டு எழுதுகிறேன். இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன்.

போன வாரம் பாறையைத் திறந்தோம். ஓலைக் கம்பைப் பிடுங்கினதும் ஆண்கள் பெரிய வலையோடு இறங்கினார்கள். நாங்கள் பெண்கள் கரையில் கூடையோடு பாட்டுப் பாடிக்கொண்டு நின்றோம். வலையை இழுக்கமுடியவில்லை. அவ்வளவு மீன் என்று நினைத்து எல்லோரும் ஓடிப்போய்ப் பிடித்தோம். வந்தது பாசி. பச்சைப் பாசி, கொழகொழவென்று, நாற்றத்தோடு. அதற்குள்ளே கையளவு மீன் கொஞ்சம். நான் முங்கிப் பார்த்தேன் அக்கா. மான்கொம்பு மாதிரி இருந்த பவளமெல்லாம் பாசிக்கு அடியில் செத்திருக்கிறது. தொட்டால் உதிர்கிறது.

அத்தனை பெரிய மனிதருடைய நூறாம் இரவு விருந்துக்கு நாங்கள் என்ன போட்டோம் தெரியுமா? படகை அனுப்பிக் கடையிலிருந்து டப்பா மீன் வாங்கிவந்து, தேங்காய்ப்பால் ஊற்றிச் சூடாக்கிப் போட்டோம். உள்நாட்டிலிருந்து பன்றியோடு வந்தவர்கள் பேசாமல் சாப்பிட்டார்கள். ஒரே ஒரு கிழவர்தான் தட்டைப் பார்த்துவிட்டு, "நாங்க கடல்காரங்க வீட்டுக்குத்தானே வந்தோம்?" என்று கேட்டார். மொசேசே அண்ணன் தலை நிமிரவே இல்லை. நான் சமையல் கொட்டகைக்குப் பின்னால் போய் அழுதேன்.

விருந்துக்குப் பிறகு மீன்வளத் துறையிலிருந்து ஒரு அம்மா வந்து பார்த்தார். கரும்புக்குப் போடுகிற உரம் மழையில் வழிந்து ஓடையில் கலந்து கடலுக்கு வருகிறது, கரும்பை வளர்க்கிறது போலவே பாசியையும் அது வளர்க்கிறது என்று சொன்னார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாள் மழை விட்டதும் அபெலுடைய படகில் போய்ப் பார்த்தேன். கண்டல் காட்டைத் தாண்டி ஒரு ஓடையிலிருந்து காப்பி நிறத்தில் தண்ணீர் நேராக எங்கள் பாறைப் பக்கம் வருகிறது. அந்த ஓடையோடே மேலே போனால் உங்கள் மாட்டுக்கொட்டகை தெரிகிறது அக்கா.

உங்களைக் குறை சொல்லவில்லை. நீங்கள் தெரிந்து செய்யவில்லை. மழைக்கு முன்னால் வீசாமல், மண்ணுக்குள் புதைத்துப் போட முடியுமா? ஓடைக்கரையில் கொஞ்சம் இடத்தைக் கரும்பில்லாமல் விடமுடியுமா? அந்த அம்மா அப்படித்தான் சொன்னார். கேட்பதற்கு எனக்கே கூச்சமாக இருக்கிறது.

விளமீன் அனுப்பமுடியவில்லை. அத்தானிடம் சொல்லுங்கள்.

உங்கள் தங்கை
உனைசி


வாய்தாமு
12 மார்ச் 2004

உனைசிக்கு,

கடிதம் கிடைத்தது. உங்கள் விருந்தில் நடந்ததைக் கேட்டு வருத்தப்பட்டேன்.

ஆனால் நீ படகெடுத்துக்கொண்டு என் மாட்டுக்கொட்டகை வரைக்கும் வந்தவள், கரையேறி ஒரு வாய் டீ குடிக்காமல் திரும்பியிருக்கிறாய். போலீஸ்காரர்தான் அப்படி வந்து பார்த்துவிட்டுப் போவார்.

இந்த மலையடிவாரம் முழுக்கக் கரும்புதான். எல்லோரும்தான் உரம் போடுகிறார்கள். என் ஓடை உன் பாறைக்கு நேரே விழுகிறது என்றால் அதை அங்கே வெட்டிவிட்டது நானா? புதைத்துப் போடு என்கிறாய். படுக்கையில் ஒரு மனிதர், களத்தில் நான். ஒவ்வொரு தூருக்கும் குனிந்து புதைக்க எனக்கு எத்தனை இடுப்பு இருக்கிறது?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அடுத்த வருஷக் கடைசியில் எங்கள் குத்தகை முடிகிறது. என் மாமனார் புதர் வெட்டிச் சீராக்கிய மண். கீழ்த்தெருவில் இரண்டு குடும்பத்தை ஏற்கனவே கிளப்பிவிட்டார்கள். நாளைக்கு எழுந்து போ என்று சொல்லப்போகிற நிலத்துக்கு நான் எதற்காகக் கரை கட்ட வேண்டும்? இருக்கிற வரைக்கும் எடுத்துக்கொண்டு போகலாம் என்றுதான் எல்லோரும் உரத்தைக் கொட்டுகிறார்கள். நானும் அதைத்தான் செய்தேன். உன் குலத்து மண்ணைப் பற்றி உன் அண்ணனிடம் கேள்.

உன் அத்தானிடம் உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "கடலுக்கு உப்பு பத்தலையாமா, நம்ம உரத்துக்கு வந்துட்டா" என்றார். நான் சிரிக்கவில்லை.

தன்ராஜி


நுகுலேவு
26 மார்ச் 2004

அன்புள்ள அக்காவுக்கு,

நான் கரையேறாமல் திரும்பியது தப்பு. உங்கள் முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் காரணம்.

குத்தகை விஷயத்தை நீங்கள் எழுதிய பிறகுதான் யோசித்தேன். என் வயிறு மட்டும் எனக்குத் தெரிந்திருக்கிறது, உங்கள் பயம் தெரியவில்லை. அண்ணனிடம் பேசினேன். முறையோடு வந்து கேட்கச் சொன்னார். அத்தானால் வரமுடியாவிட்டாலும் அவர் தம்பியைக் கூட்டிக்கொண்டு, ஒரு கட்டு யங்கோனா வேரோடு வாருங்கள். பாயில் வைத்துக் கேளுங்கள். அந்த வேரை அண்ணன் கையில் வாங்கிவிட்டால் கேட்டதைக் கொடுத்த மாதிரி. வாங்கிய பிறகு எங்கள் ஆட்கள் யாரும் மாறிப் பேசியது கிடையாது.

நீங்கள் பாறைக்காக எதுவும் செய்தாலும் செய்யாவிட்டாலும் இதை நான் பேசித்தான் இருப்பேன். இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போடாதீர்கள்.

மிளகாய்க்காரியை உங்கள் இடத்திலிருந்து எழுப்பிவிட்டேன். இப்போது என்னோடு பேசுவதில்லை.

உங்கள் தங்கை
உனைசி


வாய்தாமு
10 டிசம்பர் 2004

என் தங்கை உனைசிக்கு,

இத்தனை மாதம் எழுதாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. வேலை முடிந்து பேனாவைப் பிடித்தால் விரல் மடங்கமாட்டேன் என்கிறது.

நுகுலேவில் உன் வீட்டில் சாப்பிட்டதை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உன் அண்ணன் வேரை வாங்கி, ஏற்றுக்கொண்டதற்கு அடையாளமாகக் கை தட்டியபோது எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "மச்சான்கிட்ட சொல்லுங்க, இந்த மண்ணு அவரை விடாது" என்று அவர் சொன்னதை வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அழுதார் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது கேள். இந்தத் தடவை மேகத்தைப் பார்த்து வீசவில்லை. மாட்டைக் கட்டி ஒவ்வொரு வரிசைக்கும் பக்கத்தில் சால் கீறி, உரத்தை உள்ளே போட்டு மண் தள்ளி மூடினோம். ஒரே தடவையில் கொட்டாமல் பாதியை வைத்துக்கொண்டேன். பிறகு போடுவேன். ஓடைக்கரையில் ஆறு வரிசைக் கரும்புக் கட்டையைத் தோண்டி எடுத்துவிட்டு வெட்டிவேர்ப் புல் நட்டேன். இவர் ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டு, "கரும்பு போடுற எடத்துல வாசனைப் புல்லா? கோயில் கட்டப் போறியா?" என்று மத்தியானம் வரைக்கும் கத்தினார். மேல் தோட்டத்துப் பிசுன் வந்து, அக்கா கடலுக்கு வேலி போடுகிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தான்.

போன வாரம் முதல் வெள்ளம் வந்தது. நான் குடையைப் பிடித்துக்கொண்டு ஓடைக்கரையில் போய் நின்றேன். மேல் தோட்டத்துத் தண்ணீர் கலங்கி வருகிறது. எங்கள் புல்லைத் தாண்டி இறங்குகிற தண்ணீரில் என் கால் விரல் தெரிந்தது. பைத்தியக்காரி மாதிரி அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். மறுநாள் பிசுன் வந்து அந்தப் புல்லில் நாலு தூர் கேட்டான். கொடுத்தேன். பயிரும் குறையவில்லை, நன்றாகவே துளிர்த்திருக்கிறது. இவரும் அதைப் பார்த்துவிட்டார். சொல்லமாட்டார்.

புதுக் குத்தகையில் என் மண்ணில் இன்னும் முப்பது வருஷம் இருக்கப்போகிறேன் என்கிற நினைப்போடு வேலை செய்வது எப்படி இருக்கிறது தெரியுமா? முதுகு வலிக்கிறது, ஆனால் அது வேறு வலி.

உன் அக்கா
தன்ராஜி


நுகுலேவு
20 மே 2005

அன்புள்ள அக்காவுக்கு,

நல்ல செய்தி. பெரிதாக எதிர்பார்க்காதீர்கள், ஆனால் நல்ல செய்தி.

மழைக்காலம் முடிந்து தண்ணீர் தெளிந்ததும் நானும் மகள் லோசனாவும் வாசல் பாறைக்குப் போனோம். நடுவில் இன்னும் பாசிதான். ஆனால் ஓடை பார்த்த விளிம்பில் அது மெலிந்து அங்கங்கே கிழிந்திருக்கிறது. அந்தக் கிழிசலில் கிளிமீன் கூட்டம் மேய்கிறது. தலையைத் தண்ணீருக்குள் வைத்தால் அதுகள் பாறையைக் கொறிக்கிற சத்தம் கேட்கிறது, நீங்கள் முறுக்குக் கடிப்பீர்களே, அப்படி. செத்த கொம்பின் அடியில் பித்தான் அளவுக்குப் புதுப் பவளம் வைத்திருக்கிறது. லோசனா எண்ண ஆரம்பித்தாள். கண்படும் என்று தடுத்துவிட்டேன்.

எல்லோரிடமும் இது தன்ராஜி அக்காவின் புல் என்று சொன்னேன். இன்னும் யாரும் அங்கே வலை போடக்கூடாது என்று பெண்களாகவே முடிவு செய்திருக்கிறோம்.

மொசேசே அண்ணன் ஊரில் இல்லை. நிலக் காரியமாக அடிக்கடி தலைநகர் சுவாவுக்குப் போகிறார். உங்கள் குத்தகைக் காகிதமாகத்தான் இருக்கும். வந்ததும் கேட்டு எழுதுகிறேன்.

உங்கள் தங்கை
உனைசி


வாய்தாமு
23 செப்டம்பர் 2005

உனைசிக்கு,

நேற்று உன் அண்ணன் வந்தார். திண்பண்டம் வைத்தேன், தொடவில்லை. நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே சொன்னார். குத்தகை புதுப்பிப்பது இல்லையாம். குலத்துப் பையன்களே கரும்பு போடப்போகிறார்களாம். வெட்டு முடிந்ததும் காலி செய்ய வேண்டும்.

உன் அத்தான் கட்டிலிலிருந்து கேட்டார். "வேரை வாங்குனியே மச்சான்" என்று ஒரே ஒரு வார்த்தை. உன் அண்ணன் படியிறங்கிவிட்டார். போகும்போது ஓடைக்கரைப் புல்லைப் பார்த்தார். இவ்வளவு இடத்தை வீணாக்கியிருக்கிறீர்களே என்றார்.

வீட்டைப் பிரிக்க ஆள் சொல்லிவிட்டோம். தகரமும் மரமும் எங்களுடையது, மண்தான் உங்களுடையது. இவர் அப்பா நட்ட மாமரத்தை யாரும் பிரித்துத் தரமாட்டார்கள். மாடுகளை விற்றாகிவிட்டது. நசோரியில் என் தம்பி வீட்டுக்குப் பின்னால் ஒரு அறை இருக்கிறதாம், இவரைக் கட்டிலோடு கப்பலில் ஏற்ற வேண்டும்.

உன்மேல் எனக்குப் பழி இல்லை. நீ பொய் சொல்லவில்லை என்று தெரியும். ஆனால் நீ சொல்லித்தான் வேர் கொண்டுவந்தோம், நீ சொல்லித்தான் நம்பினேன். நம்பாமல் இருந்திருந்தால் இவ்வளவு வலிக்காது. மற்றவர்களைப் போல எடுத்துக்கொண்டு போயிருப்பேன்.

இனி எனக்குப் பாறையைப் பற்றி எழுதாதே. கேட்க முடியவில்லை.

பிள்ளைகள் நன்றாக இருக்கட்டும்.

தன்ராஜி


வாய்தாமு
17 பிப்ரவரி 2006

அன்புள்ள தன்ராஜி அக்காவுக்கு,

உங்கள் தம்பியின் முகவரியை பஸ்காரரிடம் வாங்கினேன். முன்பு போட்ட இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. வந்து சேர்ந்ததா என்று தெரியவில்லை. அத்தானுக்கு நசோரி மழை ஒத்துக்கொள்கிறதா என்று கேட்டிருந்தேன்.

ஊர்ப் பெயரைப் பார்த்து ஆச்சரியப்பட்டிருப்பீர்கள். நான் இப்போது உங்கள் நிலத்தில் இருக்கிறேன்.

நீங்கள் கப்பலேறிய வாரமே அண்ணனின் பையன்கள் டிராக்டரைக் கொண்டுவந்து ஓடை விளிம்பு வரைக்கும் உழுதுவிட்டார்கள். உங்கள் புல்லெல்லாம் வேரோடு குவியலாகக் கிடந்தது. மலையில் மேகம் ஏறியதும் மூட்டையைப் பிரித்து வீசினார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை, உங்களையெல்லாம் பார்த்துத்தான் பழகியிருக்கிறார்கள். அன்றைக்கு நானும் அங்கே இருந்தேன். மழை வந்து அத்தனையையும் அள்ளிக்கொண்டு போனதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஊர்க்கூட்டத்தில் நான் எழுந்து பேசினேன். எங்கள் வழக்கத்தில் தங்கை அண்ணனுக்கு எதிரே அப்படிப் பேசுவது இல்லை. "வேரைக் கையில வாங்கிட்டு இல்லைன்னு சொன்னவன் நம்ம குலத்துல நீதான் முதல் ஆளு" என்றேன். அண்ணன், "அவ்வளவு அக்கறை இருந்தா ஓடைக்கரையை நீயே உழு" என்றார். கேலிக்குச் சொன்னார். எல்லோர் முன்னாலும் சொன்னதால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். இப்போது ஓடையை ஒட்டிய துண்டு என் பேரில்.

உங்கள் வீடு இருந்த இடத்தில் தகரம் போட்டு இருக்கிறோம். பிள்ளைகள் ரோட்டுப் பள்ளிக்கூடம் போகிறார்கள். கடல்காரிக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை என்று பையன்கள் வேலியில் நின்று சிரிக்கிறார்கள். என்னோடு அண்ணன் பேசுவதில்லை. குவியலில் உயிர் இருந்த புல்லைப் பொறுக்கிக் கரையில் திரும்ப நட்டேன். பாதி பிழைத்திருக்கிறது.

பாறையைப் பற்றி எழுதாதே என்றீர்கள். எழுதவில்லை. லோசனா போய்ப் பார்த்துவிட்டு வந்து, வலையைக் கழுவிச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டாள். அதைமட்டும் சொல்கிறேன்.

உங்களிடம் கேட்க ஒன்று இருக்கிறது. என் துண்டுக்கு உரம் வந்து இறங்கியிருக்கிறது. தூரிலிருந்து எவ்வளவு தள்ளிச் சால் கீறவேண்டும்? எவ்வளவு ஆழத்தில் போட்டு மூடவேண்டும்? நீங்கள் செய்ததைச் சொன்னீர்கள், அளவைச் சொல்லவில்லை. நானும் அன்றைக்குக் கேட்கவில்லை. பிசுனைக் கேட்கலாம் என்று மேல் தோட்டத்துக்குப் போனேன். அவர்களும் போன மாதமே காலி செய்துவிட்டார்களாம். இந்த ஓடை நெடுக இப்போது அதைச் செய்த கை ஒன்றும் இல்லை.

உங்களுக்கு என்னோடு பேச மனம் இல்லாவிட்டால் சுகம்கூட எழுத வேண்டாம். அளவைமட்டும் ஒரு வரி போடுங்கள். அது வருகிறவரைக்கும் மூட்டையைப் பிரிக்கமாட்டேன்.

உங்கள் தங்கை
உனைசி